புதிர்வழியும் நம் பிள்ளைகளும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

மேடைக்கு வருமுன் கூடத்தின் பின்புறம் சென்றிருந்தேன். இராசபாளையத்திலிருந்தும் திருவில்லிபுத்தூரிலிருந்தும் வந்துள்ள நம் மாணவ மாணவியர் தரையில் ஒரு கோட்டை கட்டிக்கொண்டிருந்தனர். நூற்பாலைகளில் கழிக்கப்பட்ட காகிதக் கூம்புகளும், மளிகைக் கடையின் அட்டைப் பெட்டிகளுமே அதன் சுவர்கள். அச்சுவர்களுக்கிடையே ஒரு சிறிய ரோபோ வண்டி தானே வழி கண்டு செல்லவேண்டும். அதற்கான நிரலையும் அவர்களே எழுதுகின்றனர். “இது விளையாட்டுத்தானே?” என்று அருகில் நின்ற பெரியவர் ஒருவர் கேட்டார். அவருக்கு இங்கே விடையளிக்க விரும்புகிறேன்.

1950ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கிளாட் ஷானன் என்னும் அறிஞரும் இதே விளையாட்டைத்தான் விளையாடினார். 25 கட்டங்கள் கொண்ட புதிர்வழியில் ஒரு பொம்மை எலியை ஓடவிட்டார். முதல்முறை அது முட்டி மோதி வழி தேடிற்று. மறுமுறை தவறின்றி நேரே சென்றது. எலிக்கு மூளை இல்லை. தொலைபேசி நிலையங்களில் பயன்பட்ட ரிலேக்கள் பலகையின் அடியில் இருந்து வழியை நினைவில் வைத்தன. கற்கும் இயந்திரம் பற்றிய ஆராய்ச்சியின் தொடக்கங்களில் ஒன்றாக அவ்வெலி இன்றும் பேசப்படுகிறது.

பின்னர் இது போட்டியாக வளர்ந்தது. வலப்பக்கச் சுவரை விடாமல் தொடர்ந்து செல்வதே எளிய உபாயம். வெளிச்சுவரோடு தொடர்பற்ற சுவர்கள் நடுவே நின்றால் அவ்வண்டி சுற்றிச் சுற்றி வருமேயன்றி உள்ளே புகாது. இதனை அறிந்தே 1980இல் இலண்டனில் நடந்த போட்டியில் இலக்கை நடுவில் வைத்தனர். அதன்பின் வண்டி சிந்திக்கவேண்டியதாயிற்று. இலக்குக் கட்டத்திற்கு 0, அதனை அடுத்ததற்கு 1, அதற்கும் அடுத்ததற்கு 2 என்று எண்ணிட்டு, குறைந்த எண்ணை நோக்கி நகரவேண்டும். எதிர்பாராத சுவர் குறுக்கிட்டால் எண்களைத் திருத்திக்கொள்ளவேண்டும். இக்கணக்கை நம் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி சுண்ணக்கட்டியால் தரையில் எழுதிக் காட்டினாள். எனக்கு இருமுறை விளக்க நேர்ந்தது.

அவர்கள் பட்ட இடர்களையும் கேட்டேன். வண்டி கூம்புச் சுவர்களைக் கண்டுகொள்ளாமல் மோதிற்றாம். ஒலியலையை அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்பும் நேரத்தால் தொலைவை அளப்பது அதன் கண். கூம்பின் சரிவான பக்கம் ஒலியை மேல்நோக்கிச் சிதறடித்துவிடுகிறது. காரணம் அறிந்து, கூம்புகளின் முன்னே தட்டையான அட்டையை நிறுத்தினர். மற்றொன்று, காலையில் 90 பாகை திரும்பிய வண்டி மாலையில் அவ்வளவு திரும்பவில்லை. மின்கலம் தளர்ந்ததே காரணம் என்று அவர்களே கண்டுபிடித்தனர். எந்தப் பாடநூலும் இதைச் சொல்லித் தரவில்லை.

நான் பயின்ற பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் நம் பிள்ளைகள் பின்வரிசையில் நிற்போம். கருவியைத் தொடும் முறை எங்களுக்கு வரவேயில்லை. பிறர் செய்த சோதனையை நாங்களே செய்ததுபோல் ஏட்டில் எழுதினோம், மதிப்பெண்ணும் பெற்றோம். கருவியைக் கண்டால் கை நடுங்கும் குறை எனக்குக் கல்லூரியிலும் நீங்கவில்லை. அண்ணல் அம்பேத்கர் 1942இல் வைசிராயிடம் அளித்த விண்ணப்பத்தில், சட்டமும் கலையும் மட்டும் நம் மக்களுக்குப் போதா, அறிவியலும் தொழில்நுட்பமும் வேண்டும், அவற்றுக்கு அரசு பொருளுதவி செய்யவேண்டும் என்று வாதாடினார். அவ்விண்ணப்பத்தைப் படித்தபோது அந்தப் பின்வரிசைதான் என் நினைவுக்கு வந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கழிவுநீர்க் குழாய்களும் இருளடைந்த ஒரு புதிர்வழியே. அதனுள் இறக்கப்பட்டவர்கள் யார் என்பதை இவ்வவையில் சொல்லத் தேவையில்லை. 1993இலும் 2013இலும் சட்டங்கள் வந்தன; சாவுகள் நிற்கவில்லை. 2015இல் கோழிக்கோட்டில் ஆளிறங்கு குழி ஒன்றில் மூவர் மாண்டனர். அதனால் நெஞ்சம் கலங்கிய கேரளப் பொறியியல் இளைஞர் சிலர் ‘பாண்டிகூட்’ என்னும் இயந்திரத்தை உருவாக்கினர். 2018இல் திருவனந்தபுரத்தில் அது பணியில் இறங்கிற்று. மேலே நிற்பவர் திரையைப் பார்த்து இயக்க, இயந்திரமே உள்ளே இறங்குகிறது. முன்பு குழிக்குள் இறங்கிய தொழிலாளர்களே அதனை இயக்கப் பயிற்சி பெற்றனர். மலத்தொட்டிகளைத் துப்புரவு செய்ய ‘ஹோமோசெப்’ என்னும் இயந்திரத்தைச் சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கியுள்ளது. இவற்றை ஆக்கியோர்க்கு நன்றி. ஆயினும் அடுத்த இயந்திரத்தின் வரைபடம் நம் வீட்டுப் பிள்ளையின் மேசையில் விரியவேண்டும் என்று நான் ஆசைப்படுவதைப் பெரியவர் விளையாட்டென்று கொள்ளமாட்டார் என நம்புகிறேன்.

சங்கத்தாருக்கு இரு வேண்டுகோள். 2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம் 6 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்குரியது. அவ்வாய்வகம் உள்ள பள்ளிகளில் நம் பிள்ளைகளின் கையில் கருவி கிடைக்கிறதா என்று நேரில் சென்று பாருங்கள். பெயர்ப் பட்டியலைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். இரண்டாவது, சங்கக் கட்டடத்தில் ஓர் அறையை மாலைதோறும் திறந்து வையுங்கள். சாவி மாணவர்களிடமே இருக்கட்டும். பெண்பிள்ளைகள் இருட்டுமுன் வீடு சேர ஏற்பாடு வேண்டும்.

மாணவியர் என்னிடம் சொல்லியனுப்பிய செய்தியும் ஒன்றுண்டு. அட்டை போதவில்லையாம். ஆலையிலும் கடையிலும் பணிபுரிவோர் தட்டையான அட்டைகளாகப் பார்த்துக் கொண்டுவந்து தாருங்கள். கூம்புகள் வேண்டாம் என்கிறார்கள்.