திருப்புகழ்: கேட்பவர்களும் பாடுகிறவர்களும்



1994-இல் ஸ்பெயின் நாட்டின் சீலோஸ் மடத்துத் துறவிகள் பாடிய இசைத்தட்டு ஒன்று உலகமெங்கும் பல லட்சம் பிரதிகள் விற்றது. பக்கவாத்தியம் எதுவும் கிடையாது. லத்தீன் மொழியில், ஒரே குரலாகச் சேர்ந்து பாடும் பழைய கிரிகோரிய வழிபாட்டு இசை. சில ஆண்டுகளில் அந்த மோகம் அடங்கிவிட்டது. மடத்தில் மட்டும் அதே பாட்டு அன்றாட வழிபாடாகத் தொடர்ந்தது.

நமக்கும் அப்படியொரு அலை வந்ததுண்டு. 1964-இல் வெளியான 'அருணகிரிநாதர்' படத்தில் டி.எம்.சௌந்தரராஜன் திருப்புகழைப் பாடியதும், நாக்குச் சுழலும் அந்தச் சந்தம் டீக்கடை வரை போய்ச் சேர்ந்தது. ஆனால் திருப்புகழைக் காப்பாற்றியவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே வேலையைத் தொடங்கியிருந்தார்கள்.

திருப்புகழைப் பாடிய அருணகிரிநாதர் 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அவர் பாடியவை பதினாறாயிரம் என்பது மரபு. இன்று கிடைப்பவை ஏறத்தாழ 1,300. அவையாவது கிடைத்ததற்கு வ.த.சுப்பிரமணிய பிள்ளைக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். நீதித்துறையில் பணியாற்றிக்கொண்டே ஏடு ஏடாகத் தேடித் தொகுத்து, 1894-இலும் 1901-இலும் இரண்டு பாகங்களாக அச்சிட்டார். அவருடைய மகன் செங்கல்வராய பிள்ளை உரை எழுதினார்.

பாடல் கிடைத்தது, மெட்டு கிடைக்கவில்லை. கிரிகோரிய இசைக்குப் பழைய சுரக்குறிப்புச் சுவடிகள் உண்டு. அவற்றை ஒப்பிட்டுத்தான் பிரான்சின் சொலெம் மடத்தார் 19-ஆம் நூற்றாண்டில் அதை மீட்டார்கள். நம்மிடம் அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் தாளம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. குறில் நெடில் பிசகாமல், வல்லினத்தை அழுத்திச் சொன்னாலே சந்தம் தானாக எழுந்து நிற்கும். எனக்கு இது இன்றும் அதிசயமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு தலைமுறையும் புது ராகம் அமைத்துப் பாட முடிந்தது. டெல்லியில் குருஜி ஏ.எஸ்.ராகவன் நூற்றுக்கணக்கான பாடல்களுக்கு இசையமைத்து, 'திருப்புகழ் அன்பர்கள்' என்ற குழுவையே வளர்த்தார்.

வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் வேறொரு வழி கண்டார். டிசம்பர் 31 இரவு திருத்தணி மலையின் 365 படிகளிலும், படிக்கொரு திருப்புகழ் பாடி ஏற வேண்டும் என்று ஏற்படுத்தினார். நாள் குறித்தாயிற்று, இடம் குறித்தாயிற்று; பாடவும் ஆள் திரண்டது. சுவாமிகள் 1950-இல் மறைந்தார். படிவிழா நிற்கவில்லை.

இங்கே அஸ்தினாபுரத்தில் இருக்கும் நமக்கு இது தொலைதூரத்துச் செய்தியும் அல்ல. பக்கத்திலேயே மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயில் இருக்கிறது. அருணகிரியார் பாடிய தலம் அது. குரோம்பேட்டையில் குமரன்குன்றம் இருக்கிறது. கைபேசியில் திருப்புகழ் கேட்பவர்கள் நம் தெருக்களில் நிறைய உண்டு. பாடுகிறவர்கள்தான் குறைவு.

எனவே ஒரு வேண்டுகோள். வருகிற கிருத்திகையன்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மாடம்பாக்கம் போங்கள். அந்தத் தலத்துப் பாடலை முன்கூட்டியே எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். ராகம் வராவிட்டாலும் பரவாயில்லை. சந்தம் விடாமல், வாய்விட்டு, எல்லோரும் சேர்ந்து பாடுங்கள். அடுத்த கிருத்திகைக்கும் போங்கள்.