தாயின் நோயைத் தாயே சொல்லட்டும்



கனடாவில் குடியேறியோருக்கென ‘லிங்க்’ எனும் இலவச ஆங்கில வகுப்புகள் 1992 முதல் நடைபெறுகின்றன. அங்கு வருவோர் எல்லோரும் ஒரே நிலையில் இல்லை. வன்னியிலும் ஆப்கானிஸ்தானிலும் போரினால் பாடசாலையை இழந்த பெண்களும் இருக்கிறார்கள். பேனை பிடிப்பதும், இடமிருந்து வலமாக வரியைத் தொடர்வதும், ஒலிக்கு எழுத்துண்டு என்பதும் அவர்களிற் சிலருக்குப் புதியவை. தாய்மொழியில் வாசிக்கத் தெரிந்தவர்களின் வேகத்தில் அவர்களுக்குப் படிப்பிக்க முடியாது.

அவர்களுக்குப் பேச்சே முதற்பாடம். “எனக்குத் தலை சுற்றுகிறது” என்று ஆங்கிலத்தில் சொல்லப் பழக்கி, அவர்கள் வாயால் சொன்ன அதே வசனத்தை எழுதிக் காட்டி வாசிக்கச் செய்யவேண்டும். மருந்துப் போத்தலும் பஸ் இலக்கமும் பிள்ளையின் பாடசாலைக் கடிதமுமே பாடப்புத்தகங்கள்.

வைத்தியர்களாகிய நாம் இதில் அக்கறை கொள்ளக் காரணம் உண்டு. மார்பில் கட்டியென்று வரும் தாய்க்குப் பத்து வயது மகன் மொழிபெயர்த்தால், அவர் பாதியைச் சொல்லாமலே விட்டுவிடுவார். நோய் முற்றிய பின்பே உண்மை தெரியவரும்.

இப்பாடசாலை எமக்கு எழுத்தைத் தந்தது. புலம்பெயர்ந்து வாழும் பழைய மாணவிகளாகிய நாம், வாரத்தில் ஒரு மணி நேரத்தையேனும் இத்தாய்மாருக்கு ஒதுக்குவோம்.