எஞ்சிய படைக்கலம்: சந்தைக்கா, உலைக்கா?



படைக்கு வேண்டாது எஞ்சிய துப்பாக்கிகளை அரசு மக்களுக்கு விற்கலாமா, அன்றி உருக்கி அழிக்க வேண்டுமா? அமெரிக்க நாட்டில் நெடுங்காலமாக நடந்துவரும் இவ்வழக்கை இன்று நாம் ஆராய்வோம்.

விற்க வேண்டும் என்போரின் வாதத்தை முதலிற் கேட்பதே முறை. அந்நாட்டுப் படை 1911இல் ஏற்றுக்கொண்ட கைத்துப்பாக்கி வகையில் ஏறக்குறைய 1 இலட்சம் களஞ்சியத்திற் கிடந்தன. ஒவ்வொன்றையும் காக்க ஆண்டுக்கு 2 டொலர் செலவாயிற்று. விற்றால் அச்செலவு மிச்சம், வரலாற்றுப் பொருளும் அழியாது என்றனர். 2015இற் சட்டம் இடங்கொடுத்தது. ஆண்டுக்கு 10,000 என வரையறையும் விதித்தது. 2018இல் விற்பனை தொடங்கியது. வாங்குவோரின் குற்றப் பின்னணி ஆராயப்படுகிறது. அவர்களிற் பெரும்பாலோர் நேர்மையானவர் என்பதை நாமும் மறுக்கவில்லை.

ஆனால், அரசு ஆராய்வது முதலில் வாங்குபவனை மட்டுமே. அவனுக்குப் பின் அது மகனிடம் போகலாம், கள்வனிடம் போகலாம், அயலானுக்கு விலைப்படலாம். ஒரே மாநிலத்துத் தனியார் இருவர் தமக்குள் விற்று வாங்கினால், பின்னணியை ஆராயுமாறு அந்நாட்டின் மத்திய சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. மண்வெட்டி தேயும், கலப்பை உக்கும். எண்ணெயிட்டுப் பேணிய துப்பாக்கியோ வாங்கியவனையும் கடந்து வாழும்.

சான்று வேண்டுமா? 1940இல் இத்தாலியப் படைக்கெனச் செய்யப்பட்ட றைபிள் ஒன்று, எஞ்சிய சரக்காக அமெரிக்கா சென்றது. 1963 மார்ச்சில் ஒருவன் பொய்ப்பெயரில் தபால்மூலம் அதை வாங்கினான். குறிபார்க்கும் தொலைநோக்கியும் தபாற்கூலியும் சேர்த்து விலை 21 டொலர் 45 சதம். அவ்வாண்டு நவம்பர் 22ஆம் நாள் டலஸ் நகரில் ஜனாதிபதி கென்னடி அத்துப்பாக்கியாலேயே கொல்லப்பட்டார் என 1964இல் வாரன் விசாரணைக்குழு முடிவு கூறியது. 1968இற் பிறந்த சட்டம் அத்தகைய தபால் விற்பனையையும், பிறநாட்டுப் படைகளின் எஞ்சிய துப்பாக்கி இறக்குமதியையும் தடுத்தது. 1984இல், பழம்பொருள் என்னும் பெயரால் இறக்குமதித் தடை தளர்ந்தது!

மறுவழியும் உண்டு. தென்னாபிரிக்க அரசு 1999இல், எஞ்சிய சிறு படைக்கலங்களை விற்காது அழிப்பதென முடிவு செய்து, அடுத்த சில ஆண்டுகளில் 2 இலட்சத்துக்கு மேற்பட்டவற்றை அழித்தது.

படைக்கலம் மக்களின் வரிப்பணத்தில் வாங்கிய பொதுச்சொத்து. அரசு அதன் பொறுப்பாளன். மக்களைக் காக்க வாங்கியதை, மக்களைக் கொல்லக்கூடிய கைக்குப் போகும் வழியில் விடுதல் பொறுப்பாளனுக்கு அடாது. சிலவற்றை இயங்காதபடி செய்து நூதனசாலையில் வைப்போம். ஏனையவை உலைக்கே போகட்டும். 2 டொலர் மிச்சம் என்று கணக்குக் காட்டுவோரை நாம் கேட்கிறோம்: ஓர் உயிரின் விலையை அக்கணக்கில் எங்கே எழுதினீர்கள்?