வாசலுக்கு ஒரு மரப் பெயர்ப்பலகை

(பொங்கல் விழா அன்று நம் சமூகக் கூடத்தில் சி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



"ஏதாவது கைவேலை பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் தச்சன் இல்லை. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் வாழ்நாளில் நான் செய்த மரவேலை மொத்தம் நாலு பெயர்ப்பலகைகள்தான். முதல் பலகையைச் செய்ய நேர்ந்த கதையைச் சொல்லிவிட்டு, செய்முறைக்குப் போகிறேன்.

என் அம்மாவுக்கு 81 வயது. போன வருஷம் ஒரு மாலை கீழே நடந்துவிட்டு லிப்டில் ஏறியவர், இரண்டாவது மாடிக்குப் பதில் மூன்றாவது மாடியில் இறங்கிவிட்டார். அங்கேயும் அதே மூலை, அதே பழுப்புக் கதவு, அதே காலிங் பெல். சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். அந்த வீட்டில் அப்போது யாரும் இல்லை. நாங்கள் தேடிப் போனபோது படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். "பூட்டை மாத்திட்டீங்களாடா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார். அந்தக் கேள்வியை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

கதவில் எண் இல்லாமல் இல்லை. முக்கால் இஞ்ச் பித்தளை எண். மங்கலான வராந்தா வெளிச்சத்தில் வயதான கண்ணுக்கு 204ம் 304ம் ஒன்றுதான். அப்போதுதான் முடிவு செய்தேன். பெயர்ப்பலகை அழகுக்கு என்பது இரண்டாவது. வீடு தேடி வருகிறவர் கண்ணில் அது படவேண்டும் என்பதே முதல்.

மரத்துக்கு அலைய வேண்டாம். பரணில் கிடக்கும் பழைய கட்டில் பலகை போதும். நான் எடுத்தது அம்மாவின் தேக்குக் கட்டிலின் தலைமாட்டுப் பலகை. 12 இஞ்ச் நீளம், 6 இஞ்ச் அகலம், முக்கால் இஞ்ச் கனம் போதுமானது. அறுப்பதற்கு முன் உள்ளே ஆணி இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பெயின்ட் அடித்த பலகை என்றால் வேண்டவே வேண்டாம். அந்தக் காலப் பெயின்டில் ஈயம் இருக்கலாம், தேய்க்கும் தூசி குழந்தைகளுக்கு ஆகாது. பார்சலோடு வரும் பைன் பலகையில் 'எச்.டி.' முத்திரை இருந்தால் வெப்பத்தில் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம். 'எம்.பி.' என்றிருந்தால் பூச்சிக்கொல்லிப் புகை போட்டது, தொடாதீர்கள்.

அடுத்தது உப்புத்தாள். 80, 120, 220 என்ற வரிசையில் மூன்று தாள் வாங்குங்கள். மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் விழும் கீறல் வார்னிஷ் அடித்த பிறகுதான் பளிச்சென்று தெரியும். நாலு விளிம்பையும் லேசாக மழுக்கிவிடுங்கள். மாட்டுவதற்கான இரண்டு ஓட்டைகளையும் இப்போதே போட்டுவிடுங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. தின்னர் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்துவிட்டால் பெயின்ட் நன்றாகப் பிடிக்கும்.

இனி எழுத்து. கம்ப்யூட்டரில் பெரிதாக அச்செடுத்து, தாளின் பின்பக்கம் முழுக்கப் பென்சிலால் தேயுங்கள். பலகைமேல் வைத்து, எழுத்தின் ஓரமாகப் பேனாவால் அழுத்தி வரைந்தால் அச்சு விழும். தமிழில் எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'கி', 'கீ'க்கு மேலே வளைவு வரும், 'து', 'மு'வுக்குக் கீழே வால் இறங்கும். மேலும் கீழும் இடம் விடாவிட்டால் எழுத்து விளிம்பில் முட்டும். எழுத்தின் உயரம் ஒன்றரை இஞ்சுக்குக் குறைய வேண்டாம். அக்ரிலிக் பெயின்ட், சின்ன பிரஷ், இரண்டு பூச்சு.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். முதலில் தங்க நிறத்தில் எழுதி, பளபள வார்னிஷ் அடித்தேன். வீட்டில் எல்லோரும் பாராட்டினார்கள். அம்மா மட்டும், "பளபளன்னு நல்லாத்தான் இருக்கு, என்ன எழுதியிருக்கே?" என்று கேட்டார். விளக்கு பட்டுக் கண் கூசியதே தவிர எழுத்து தெரியவில்லை. எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிட்டு, வெள்ளையில் எழுதி, பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அடித்தேன். இரண்டு கோட் போதும். முதல் கோட் காய்ந்ததும் 320 தாளால் மெல்லத் தடவிவிட்டு இரண்டாவதை அடியுங்கள்.

மாட்டும்போது கதவில் மாட்டாதீர்கள். கதவு திறந்திருந்தால் பலகை உள்ளே போய்விடும். பக்கத்துச் சுவரில், யாருக்காகச் செய்தீர்களோ அவர் கண் உயரத்தில் மாட்டுங்கள். காலிங் பெல் சுவிட்சுக்கு நேர் மேலேயோ கீழேயோ டிரில் போடாதீர்கள், ஒயர் ஓடும். இருபக்கமும் ஒட்டும் டேப்பை நம்பாதீர்கள், ஒரு கோடைக்குத் தாங்காது.

ஒரு வேண்டுகோள். தேய்ப்பதை மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளுங்கள், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், மதியம் இரண்டிலிருந்து நாலு வரை வேண்டாம். கீழ்வீட்டுக்காரர் தூங்குவார். தூளைக் கூட்டி அள்ளிவிட்டு இறங்குங்கள்.

எங்கள் பலகையில் இருப்பது அம்மாவின் பெயர், வீட்டு எண், ஒரு சிவப்புச் செம்பருத்தி. ஊர் வீட்டு வாசலில் இருந்த செடி அது. போன மாதம் அம்மா மறுபடியும் மூன்றாவது மாடியில் இறங்கியிருக்கிறார். ஆனால் இந்த முறை சாவியை எடுக்கவில்லை. "பூ இல்லையே, நம்ம வீடு இல்லைன்னு வந்துட்டேன்" என்று அவரே இறங்கி வந்து சொன்னார்.

உங்கள் வீட்டிலும், பக்கத்து வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். பலகை கொண்டு வாருங்கள், ரம்பமும் உப்புத்தாளும் நான் தருகிறேன்.