சாலையோரப் புல்லும் ஊராட்சியின் கடமையும்



இங்கிலாந்தின் தென்கடற்கரையில் பிரைட்டன் என்றொரு நகரம் உள்ளது. அந்நகர மன்றம் 2019-ஆம் ஆண்டில், நடைபாதைகளிலும் தெருவோரங்களிலும் கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைத் தெளிப்பதை நிறுத்துவதென முடிவு செய்தது. தேனீக்களையும் மண்ணையும் மக்களின் உடல்நலத்தையும் காப்பதற்கான முடிவு என்று பலரும் அதனை வரவேற்றனர். ஆனால் ஐந்தாண்டுகள் நிறைவதற்குள், 2024 சனவரியில், அதே நகரின் மன்றம் அம்மருந்தை மீண்டும் பயன்படுத்த ஒப்புதல் அளித்தது. நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவு ஏன் நிலைக்கவில்லை? இவ்வினாவே இன்றைய உரைக்குப் பொருள்.

முதலில் அம்மருந்தின் இயல்பை அறிதல் வேண்டும். கிளைபோசேட் 1974-இல் 'ரவுண்டப்' என்னும் பெயரில் அமெரிக்க நிறுவனமான மான்சாண்டோவால் விற்பனைக்குக் கொண்டுவரப்பட்டது. செடிகள் தம் வளர்ச்சிக்கு இன்றியமையாத சில அமினோ அமிலங்களைத் தாமே உருவாக்கிக்கொள்ளும். அதற்கு உதவும் நொதி ஒன்றை இம்மருந்து முடக்கிவிடும். இலையில் பட்டது வேர்வரை இறங்கும்; சில நாள்களில் செடி பழுத்து மடியும். அந்த நொதி மனித உடலில் இல்லை. ஆதலால் மனிதர்க்குத் தீங்கில்லை என்பது உற்பத்தியாளரின் வாதம்.

2015 மார்ச்சில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இது மனிதரில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்று வகைப்படுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், அவ்வாறு உண்டாக்கும் வாய்ப்பு குறைவு என்று கூறியது. இரண்டும் அறிஞர் குழுக்களே. பின் ஏன் இம்முரண்? ஒரு கிணறு எவ்வளவு ஆழமானது என்பது ஒரு கேள்வி. அதற்குக் கைப்பிடிச்சுவர் இருக்கிறதா, யார் எத்தனை முறை அதன் விளிம்பில் நிற்கிறார் என்பது வேறொரு கேள்வி. முன்னது பொருளின் தீங்கியல்பைக் குறித்தது; பின்னது அத்தீங்கு ஒருவரை வந்தடையும் வாய்ப்பைக் குறித்தது. முகமை முன்னதை ஆராய்ந்தது. ஆணையம் பின்னதையும் கருத்திற் கொண்டது. இரு குழுக்களும் ஆராய்ந்த சான்றுகளும் முற்றும் ஒன்றல்ல.

அக்கிணற்றின் விளிம்பில் நாள்தோறும் நிற்பவர் யார்? முதுகில் தெளிப்பானைச் சுமந்து செல்லும் பணியாளரே. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பள்ளி வளாகங்களைப் பராமரித்துவந்த ஒருவர், தம் புற்றுநோய்க்கு இம்மருந்தே காரணம் என வழக்குத் தொடுத்தார். 2018 ஆகஸ்டில் நடுவர் குழு அவருக்கு 28.9 கோடி டாலர் வழங்குமாறு தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அத்தொகை ஏறத்தாழ 2 கோடியாகக் குறைந்தது. 

சாலைக்கும் வயலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வயலில் தெளித்தால் மண் அம்மருந்தைப் பற்றிக்கொள்ளும்; மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அதனைச் சிதைக்கும். கல்லும் சிமெண்டும் பாவிய தரையிலோ பற்றிக்கொள்ள மண் இல்லை. அடுத்த மழை அதனை வடிகாலுக்கும், வடிகால் ஆற்றுக்கும் கொண்டு சேர்க்கும். ஆகவே தெருவில் தெளிக்கும் சிறு அளவும் நீர்நிலைக்குப் பெருஞ்சுமையாகலாம்.

இனி பிரைட்டனுக்குத் திரும்புவோம். மருந்தை நிறுத்தியபின் களையைக் கையாலும் கருவியாலும் அகற்ற வேண்டியதாயிற்று. குனிந்து நிமிர்ந்து செய்யும் கடும்பணிக்குப் போதிய ஆட்கள் கிடைக்கவில்லை. தளக்கற்களின் இடுக்குகளில் களை அடர்ந்தது. முதியோர் இடறி விழ அஞ்சினர். சக்கர நாற்காலியில் செல்வோரும் குழந்தை வண்டி தள்ளும் தாய்மாரும் நடைபாதையை விட்டுச் சாலையில் இறங்க நேர்கிறதென்று முறையிட்டனர். இவர்களின் குறையும் உண்மையான குறையே. இறுதியில் மன்றம், மருந்தை எண்ணெயுடன் கலந்து, காற்றில் பரவாதவாறு, களை முளைத்த இடத்தில் மட்டும் இடும் முறையை ஏற்றது. எதிர்த்தோர் இதனைப் பின்வாங்கல் என்றனர். ஆதரித்தோர் வேறு வழியில்லை என்றனர்.

பிரான்சு நாடு வேறு வழியிற் சென்றது. பிரிட்டனி பகுதியைச் சேர்ந்த செனட்டர் ஜோயல் லாபே முன்மொழிந்த சட்டம் 2014 பிப்ரவரியில் நிறைவேறியது. பொதுப் பூங்காக்களிலும் சாலைகளிலும் செயற்கைப் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லிகளை அரசு அமைப்புகள் பயன்படுத்துவதை 2017 சனவரி முதல் அது தடுத்தது. 2019 முதல் வீட்டுத் தோட்டங்களுக்கும் தடை நீண்டது. ஊராட்சிகள் ஆயத்தமாவதற்குக் காலம் கிடைத்தது. வெந்நீராவி, தூரிகைப் பொறி, மரத்தூள் மூடாக்கு எனப் பல முறைகள் வழக்கத்திற்கு வந்தன. சுவரோரம் மக்களே பூச்செடி வளர்க்கப் பல நகரங்கள் இசைவளித்தன.

அங்கும் மனவருத்தம் இல்லாமல் இல்லை. கல்லறைத் தோட்டங்களில் புல் தலையெடுத்தபோது, இறந்தோரை மதியாமல் கைவிட்டுவிட்டார்கள் என்று குடும்பத்தார் பலர் வருந்தினர். 2022 சூலை முதல் அவ்விடங்களுக்கும் தடை விரிந்தது. பசும்புல் புறக்கணிப்பின் அடையாளமன்று என்பதை ஊராட்சிகள் மக்களுக்குப் பொறுமையாக எடுத்துரைக்க வேண்டியிருந்தது. ஆயினும் சாலையில் செல்வோர்க்கோ பணியாளர்க்கோ ஆபத்து நேரும் இடங்களுக்குச் சட்டம் விலக்கு அளித்தது என்பது கருதத்தக்கது.

இவ்விலக்கின் உட்பொருள் சமண இல்லறத்தார்க்குப் புதிதன்று. புல்லும் மரமும் ஓரறிவுயிர் என்று தொல்காப்பிய மரபியல் வகுத்துள்ளது. ஓரறிவுயிர்க்கும் ஊறு செய்யாமை துறவியரின் மாவிரதம். உழுதும் சமைத்தும் வாழும் இல்லறத்தார்க்கு அது முற்றும் இயலாது. ஆதலால் அவர்க்கு அணுவிரதம் அமைந்தது. அதனோடு அனர்த்த தண்ட விரதமும் சேர்ந்தது. பயனின்றி உயிர்க்கு ஊறு செய்யாதிருத்தல் என்பது அதன் பொருள். முதியவர் கால் இடறும் இடத்துக் களையை அகற்றுதல் தேவை. எவர் வழியிலும் குறுக்கிடாத சுவரோரப் புல்லை, பார்வைக்கு ஒழுங்காக இல்லை என்பதற்காகவே மருந்திட்டு மாய்த்தல் பயனில் தண்டம். பிரான்சின் சட்டம் வேறு சொற்களில் இவ்வேறுபாட்டையே கண்டது.

பிரைட்டன் கற்பிக்கும் பாடம் மற்றொன்று. தெளிக்காதே என்று சொல்வது எளிது. தெளிக்காத இடத்தில் குனிந்து பறிப்பவர் யார் என்பதற்கும் விடை வேண்டும். ஒருவர் அறத்தின் சுமையை மற்றொருவர் முதுகில் ஏற்றிவிட்டால் அவ்வறம் நெடுநாள் நில்லாது. கூலியும் கருவியும் போதிய ஆட்களும் கொண்ட ஏற்பாடு உடன்வராத தடை, அடுத்த தேர்தல்வரை கூட நிலைப்பது அரிது.

இந்தியாவிலும் இப்பேச்சு உண்டு. பதிவு பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர் வாயிலாக மட்டுமே கிளைபோசேட்டைப் பயன்படுத்த வேண்டும் என 2022 அக்டோபரில் நடுவணரசு ஆணையிட்டது. ஆதலால் நம் தெருவில் களைமருந்து தெளிக்க வரும்போது மூன்று வினாக்களைப் பணிவோடு கேட்கலாம். இவ்விடத்தில் இது தேவையா? தெளிப்பவர்க்குக் கையுறையும் முகக்கவசமும் பயிற்சியும் உண்டா? மழை பெய்தால் இந்நீர் எந்தக் குளத்திற்குச் செல்லும்? கேட்பவர், தம் வீட்டு வாயிலின் களையைத் தாமே பறித்தவராகவும் இருந்தால், அவ்வினாக்களுக்கு ஊராட்சியில் மதிப்பு மிகும்.

வாரத்தில் ஒரு நாள், ஒரு தெரு, ஒரு மண்வெட்டி. அறம் அங்கிருந்தும் தொடங்கலாம்.