தம்பிக்கு வந்த துபாய் வேலை



என் தம்பி பி.இ. முடிச்சதும், துபாய் வேலைன்னு ஒரு ஏஜெண்ட் ஒன்றரை லட்சம் கேட்டார். குழுவில் கடன் கேட்டேன். "அவரோட லைசென்ஸ் நம்பர் கேட்டியா?"ன்னாங்க செயலாளர் அக்கா. எனக்குக் கோபம்தான். மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்தா அவர் பேரே இல்லை. பதிவு பெற்ற ஏஜெண்டே 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். இவர் தர இருந்தது விசிட் விசா! அதில் போய் வேலை பார்க்கவே கூடாது.

தம்பி இப்போ துவாக்குடியில் ஒரு பட்டறையில் 14,000 சம்பளம். ஸ்ரீரங்கத்திலிருந்து ரெண்டு பஸ் மாறணும். ராத்திரி பிளேன் சத்தம் கேட்டா இன்னும் மாடிக்குப் போய் நிக்கிறான். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிஞ்சிருக்கான். அழைப்பு வந்தா மறுபடியும் கடன் கேட்பேன், அக்கா. அப்போ தரணும்.