விண்வெளிக்கு ஒரு படை எதற்கு?

தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் நெசவாளத் தோழர்களே!

விண்வெளிப் படையைப் பற்றி ஆரணியில் என்ன பேச்சு என்று வாசலிலேயே ஒருவர் கேட்டுவிட்டார். படையைப் பற்றிப் பேச ஆரணிக்கு இல்லாத உரிமையா? 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ் இங்கே சண்டை போட்டான். 1782 ஜூனில் ஹைதர் அலி படையும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் படையும் இங்கேதான் மோதின. இரண்டு போரையும் அறிவித்தவர் ஆரணிக்காரர் இல்லை. மிதிபட்ட வயல் மட்டும் நம்முடையது.

அந்தப் படைகள் எதற்கு வந்தன? கோட்டைக்கு, நிலத்துக்கு, வரிக்கு. படை என்றால் ஓரிடத்தைப் பிடிக்க வேண்டும், பிடித்த இடத்தில் நிற்க வேண்டும். தலைக்கு மேல் 300 கிலோமீட்டரில் ஓடும் செயற்கைக்கோள் நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் உலகத்தையே சுற்றி வந்துவிடும். இந்த நிமிடம் ஆரணிக்கு மேல், இன்னும் சில நிமிடத்தில் சீனாவுக்கு மேல். இதில் எங்கே காவல் போடுவது?

அமெரிக்கா 2019 டிசம்பரில் விண்வெளிப் படை என்று தனியாக ஒன்றைத் தொடங்கியது. அதற்கு 2024-இல் ஒதுக்கிய பணம் ஏறத்தாழ 2,900 கோடி டாலர். நம் விண்வெளித் துறைக்கு மொத்தமாக அந்த ஆண்டு கிடைத்தது ஏறத்தாழ 13,000 கோடி ரூபாய். நம்மைப் போலப் பதினைந்து மடங்குக்கும் மேல் செலவழிக்கிறவனைப் பார்த்து, நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று இங்கே சிலர் ஆசைப்படுகிறார்கள்.

என்னைத் தப்பாக எண்ணிவிடாதீர்கள். ராணுவத்துக்குச் செயற்கைக்கோள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடற்படைக்காக 2013-இல் ஜிசாட்-7 போனது, விமானப்படைக்காக 2018-இல் ஜிசாட்-7ஏ போனது. இரண்டும் தேவைதான். முப்படைக்கும் பொதுவாகப் பெங்களூருவில் பாதுகாப்பு விண்வெளி முகமை 2019-இலிருந்து இருக்கிறது. இருக்கட்டும். ஆனால் தனித் தளபதி, தனிச் சீருடை, தனி பட்ஜெட் என்று நான்காவதாக ஒரு படையை உண்டாக்கினால், அது சும்மா இருக்காது. தனக்கு ஒரு வேலையைத் தேடும். அந்த வேலையை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

2019 மார்ச் 27-ஆம் தேதி நினைவிருக்கிறதா? ஒடிசாக் கடலோரத்தில், கலாம் அவர்களின் பெயர் தாங்கிய தீவிலிருந்து ஏவுகணை கிளம்பி, நம்முடைய செயற்கைக்கோள் ஒன்றையே உடைத்தது. ‘மிஷன் சக்தி’ என்று பெயர். நாடே கைதட்டியது. நம்மவர் திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குப்பை சீக்கிரம் கீழே விழ வேண்டும் என்றுதான் தாழ்வான பாதையைத் தேர்ந்தெடுத்தார்கள். நாற்பத்தைந்து நாளில் விழுந்துவிடும் என்றும் சொன்னார்கள். பெரும்பாலானவை விழுந்தன. சில துண்டுகள் ஓராண்டுக்கும் மேல் சுற்றின.

சீனா 2007-இல் செய்தது இதைவிட மோசம். 850 கிலோமீட்டருக்கு மேலே உடைத்தார்கள். மூவாயிரத்துக்கும் அதிகமான துண்டுகள். பெரும்பகுதி இன்றும் அங்கேதான் சுற்றுகிறது. 2021 நவம்பரில் ரஷ்யா தன் பழைய செயற்கைக்கோளை உடைத்தபோது, சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்த ஏழு பேரும் உயிருக்குப் பயந்து தங்கள் விண்கலங்களுக்குள் போய் ஒடுங்கினார்கள். அந்த ஏழில் இரண்டு பேர் ரஷ்யர்கள்! இந்திய வம்சாவளி ராஜா சாரியும் அங்கே இருந்தார்.

நம் கதைக்கு வருகிறேன். பக்கத்து விழுப்புரத்துப் பிள்ளை வீரமுத்துவேல் தலைமையேற்ற சந்திரயான்-3, 2023 ஜூலை 14-இல் நான்கு நொடி தாமதமாகக் கிளம்பியது. ஏன் தெரியுமா? போகிற வழியில் விண்வெளிக் குப்பை எதிலாவது மோதிவிடக் கூடாது என்பதற்காக.

ஐப்பசி மழையில் குழித்தறிக்குள் தண்ணீர் ஊறினால் எத்தனை வீட்டில் வேலை நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புயல் எங்கே திரள்கிறது என்று இன்சாட் செயற்கைக்கோள் படம் பிடித்து அனுப்புவதால்தான் பாவையும் பட்டையும் முன்கூட்டியே மேலே எடுத்து வைக்க முடிகிறது. மேலே சண்டை மூண்டால் இந்தக் கண்ணும் குருடாகிவிடலாம்.

“எதிரி நம் செயற்கைக்கோளைச் சுட்டால் என்ன செய்வது?” நியாயமான கேள்வி. திருப்பிச் சுட்டால் குப்பை இரண்டு மடங்காகும், போனது திரும்பி வராது. ஒன்று போனால் அடுத்ததைச் சட்டென்று ஏற்றுகிற வசதி வேண்டும். 2024 பிப்ரவரியில் குலசேகரன்பட்டினத்தில் சிறிய ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்களே, அந்தக் காசு சரியான காசு. குப்பையைக் கண்காணிக்கும் ரேடாருக்கும் தொலைநோக்கிக்கும் இன்னும் கொடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது?

1967-ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கை, அணுகுண்டைச் சுற்றுப்பாதையில் வைக்கக் கூடாது என்கிறது. ஏவுகணையால் செயற்கைக்கோளை உடைப்பதை அது தடுக்கவில்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான், இப்படிப்பட்ட சோதனைகளை இனிச் செய்ய மாட்டோம் என்று நாடுகள் உறுதி சொல்ல வேண்டும் என ஐ.நா. பொதுச்சபையில் 2022 டிசம்பரில் ஒரு தீர்மானம் வந்தது. 155 நாடுகள் ஆதரித்தன. ஒன்பது எதிர்த்தன. ஒன்பது ஒதுங்கி நின்றன. ஒதுங்கியவர் வரிசையில் இந்தியாவும் இருந்தது. வெறும் வாக்குறுதி போதாது, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தமே வேண்டும் என்பது தில்லியின் வாதம். ஒப்பந்தம் வரட்டும், வரவேற்போம். அதுவரை வாக்குறுதி கொடுப்பதில் என்ன நஷ்டம்? நம்மால் முடியும் என்று 2019-இலேயே காட்டியாயிற்றே!

2009 முதல் ஆரணி ஒரு மக்களவைத் தொகுதி. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் சரிகை விலையைக் கேளுங்கள், கூலியைக் கேளுங்கள். கூடவே இதையும் கேளுங்கள்: இனிச் செயற்கைக்கோளை உடைக்க மாட்டோம் என்று இந்தியா எப்போது சொல்லப் போகிறது?